கடைசி நாளுக்கும் ஒரு திட்டம் வேண்டும்



போன மாதம் லிட்டில் இந்தியாவில் வகுப்பு முடிந்து, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். ஒரு தங்கை மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, எங்க நாய்க்கு 13 வயசு. கிட்னி கெட்டுப்போச்சு. கடைசியில ஊசி போட வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. பாட்டி, 'அது பாவம், அதோட கர்மாவை அது அனுபவிச்சுத்தான் தீரணும்'னு அழறாங்க. எது சரி?"

அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று எழ முடியாமல் கிடந்தது. திருப்பிப் படுக்க வைத்தாலும் வலி. பிழைக்காது என்றார் மருத்துவர். ஆசிரமத்தாரோடு கலந்து பேசிய பிறகு, ஊசி போட்டு அதன் வேதனையை முடிக்கச் செய்தார் காந்தி. அகிம்சை பேசியவரா இப்படி என்று பலர் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். அவர் மறைக்கவில்லை, பத்திரிகையிலேயே விளக்கம் எழுதினார்.

1948 ஜூன் 18, திருவண்ணாமலை. ரமண பகவானின் பசு லட்சுமிக்குக் கடைசி நாள். பகவான் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையில் கை வைத்தார். அன்றே அது அமைதியாக அடங்கியது. ஆசிரமத்தில் அதன் சமாதியை இன்றும் பார்க்கலாம்.

ஒருவர் முடித்து வைத்தார், ஒருவர் கூட இருந்தார். இரண்டு பேருமே பார்த்தது அந்த உயிரை. தங்கள் அழுகையை அல்ல.

நான் பார்த்தது என்னை. எங்கள் பூனைக்கு ராத்திரி 2 மணிக்கு மூச்சு முட்டியது. "போதும்ப்பா, விட்டுடலாம்" என்றார் அப்பா. "இன்னும் ஒரு நாள்" என்று அடம்பிடித்தேன். அந்த ஒரு நாள் அதற்கு நரகம். அது பூனையின் கர்மா இல்லை, என் கோழைத்தனம். எல்லாம் கர்மா என்றால் மருந்து ஏன் கொடுக்கிறோம், சோறு ஏன் வைக்கிறோம்?

அதனால், தெம்பாக இருக்கும்போதே பேசிவிடுங்கள். நோய் எப்படிப் போகும், வலியை எப்படிக் குறைக்கலாம், எந்த அறிகுறி வந்தால் போதும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் முதலில் மயக்கம், பிறகு அளவு கூடிய மயக்க மருந்து. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிடும். அதற்குப் பிடித்த மூன்று விஷயங்களை எழுதி, நல்ல நாள், கெட்ட நாள் என்று காலண்டரில் குறியுங்கள். கெட்ட நாள் கூடினால் தள்ளிப்போடாதீர்கள். யார் முடிவெடுப்பது, யார் கூட இருப்பது, ராத்திரியில் எந்த கிளினிக், செலவுக்குப் பணம் எங்கே என்று முன்பே தீர்மானியுங்கள். அடுக்குமாடி வீட்டில் புதைக்க மண் இல்லை. தகனம் எங்கே, சாம்பல் தனியாகக் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். செலவு, அலுப்பு, வெளியூர்ப் பயணம் என்று நம் வசதிக்காக ஊசி கேட்டால் அது பாவம்தான். அதன் வலிக்காகக் கேட்டால் அது கருணை.

தங்கையே, பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசு. பைரவருக்கு வாகனம் நாய் என்பது அவருக்குத் தெரியும். அந்த நாள் வரும்போது விளக்கேற்றி, நெற்றியில் திருநீறு பூசி, காதில் சிவநாமம் சொல்லி அனுப்பட்டும். நீ கையை எடுக்காதே.