தருமப் பொருள் செல்லும் வழி

ஈதல் நன்றென்பதில் நம்மவருள் எவருக்கும் ஐயமில்லை. ஈந்த பொருள் எவ்வழியே செல்லல் வேண்டும் என்பதே இப்பொழுது வினாவாக எழுந்துள்ளது. அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் அறநெறிப் பாடசாலை நடாத்தும் ஆசிரியர் சிலர், பிள்ளைகளின் புத்தகத்துக்கும் உடைக்கும் பொருள் சேர்க்க முற்பட்டு, வங்கிக் கணக்கா, கைத்தொலைபேசியாற் படிக்கும் கியூ.ஆர். குறியா, கடனட்டையா, சம்பளத்திற் பிடிப்பதா, எது தக்கதென எம்மை வினவினர். வசதி பற்றிய சிறு வினாவென்றே முதலில் எண்ணினோம். ஆராயுமிடத்து அது அறம் பற்றிய வினாவாகவே முடிந்தது.

2025 நவம்பர் இறுதியில் டிட்வாப் புயல் இலங்கையைத் தாக்கியபோது 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மலைநாட்டில் மண்சரிவுகள் லயங்களையும் வீதிகளையும் கொண்டு சென்றன. அக்காலத்தில் எமக்கு அறிமுகமான ஓர் ஆசிரியை, பாடசாலைக்கெனக் கணக்கொன்று இன்மையால், தமது சொந்தக் கணக்கின் இலக்கத்தையே அன்பர்க்கு அறிவித்தார். கொழும்பிலிருந்தும் கடல்கடந்த நாடுகளிலிருந்தும் பணம் வந்தது. அதே கணக்கில் அவருடைய சம்பளமும் வந்தது; தம்பியார் அனுப்பிய பணமும் வந்தது. வந்ததினும் மிகுதியாகவே அவர் பிள்ளைகளுக்குச் செலவிட்டார் என்பதை யாம் அறிவோம். ஆயினும் கணக்குக் கேட்டபோது எது தருமப் பணம், எது தம் பணம் எனப் பிரித்துக் காட்ட அவரால் இயலவில்லை. லயத்திலே முணுமுணுப்பு எழுந்தது. களவு செய்யாதவர் களவு செய்தார்போல் தலைகுனிந்து நடக்க நேர்ந்தது. இக்குறை அவர் மனத்தில் இருந்ததன்று. பணம் வந்த வழியில் இருந்தது.

நிற்க. பணம் ஓரிடத்தினின்றும் மற்றோரிடம் செல்லுதற்குக் கூலி உண்டு. கடனட்டை வழியே பெறுமிடத்து நூற்றுக்கு இத்தனையென்று கழிப்பர். வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றுமிடத்துத் தொகை எதுவாயினும் ஒரே கூலி கொள்வர். அக்கூலி 25 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபா அனுப்பும் செல்வருக்கு அது தூசு. 100 ரூபா அனுப்பும் தாய்க்கோ அது கொடையில் நாலிலொன்று. 2024 இல் நிருணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டால், அந்நூறு ரூபா அரைமணி நேரத்துக்கு மேற்பட்ட கொழுந்தெடுப்பாகும். அட்டைகடித்த காலோடு அவள் பறித்த கொழுந்தின் காற்பங்கை வழிக்கூலிக்கு விடுதல் நமக்கு ஒப்புமோ? கியூ.ஆர். குறியிற் செலுத்துவோர்க்குக் கூலியில்லை, பெறுவோர்மேலேதான் அது விழும் என்பர், நன்றே. ஆனால் அதற்குரிய கைத்தொலைபேசியும், அதனைக் கையாளும் பழக்கமும், மலைச்சரிவிலே அலைவரிசையும் வேண்டுமே! ஆதலால் தோட்டத்தாரிடம் பெறுவதற்குப் பழைய உண்டிப்பெட்டியே தக்கதென்பது எம் கருத்து. மாதமொருமுறை யாவரும் காணத் திறந்து எண்ணி, அன்றே அட்டனுக்குக் கொண்டுசென்று வங்கியில் இட்டால், வழிச்செலவு ஒருமுறையே ஆகும்.

சம்பளத்திற் பிடிப்பதே எளிதன்றோ எனச் சில நண்பர் கேட்டனர். செக்ரோலிலே தொழிற்சங்கச் சந்தாவும் கோயிற்பணமும் பிடிக்கும் வழக்கம் தோட்டங்களுக்குப் புதிதன்று. அவ்வாறு சேர்ந்த பணத்தால் விளக்கெரிந்த கோயில்களும் உண்டு. அவற்றை இகழ்ந்துரைக்க யாம் முன்வரோம். எனினும் கையால் எடுத்துக் கொடாததும், மறுக்க வாய்ப்பில்லாததும் கொடையாகுமோ? கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டிலெழுதி, அக்கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டம் செல்லவொட்டாது கட்டிய முறை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. அத்துண்டால் கட்டுண்டவரின் பேரர்களிடத்தே, தருமத்தின் பெயராலேனும் சம்பளச்சீட்டில் இன்னுமொரு கழிவைச் சேர்க்க எம் மனம் இசையவில்லை.

இனிக் கடல்கடந்த அன்பர் கேட்கும் வினாவே மிகக் கடியது. உண்டியல் என்னும் சொல் நம் நாட்டில் இரண்டு பொருள் தருவது. ஒன்று கோயிற் பெட்டி. மற்றொன்று வங்கிக்குப் புறம்பே பணம் மாற்றும் வழி. 2021 இன் பிற்பகுதியில் அமெரிக்க டொலருக்கு 200 ரூபா அளவில் வங்கிவிலை நிறுத்தப்பட்டிருக்க, புறத்தே அதனினும் மிக்க விலை கிடைத்தது. "வங்கி வழியே அனுப்பினால் பத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம், உண்டியல் வழியே அனுப்பினால் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு. எது பெரிய தருமம்?" என்று ஓர் அன்பர் எழுதினார். இதனை எளிதில் தள்ளிவிடல் தகாது. இரண்டு பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்பது நம் கண்முன் தெரிகின்றது.

ஆயின் கண்முன் தெரியாததும் ஒன்றுண்டு. உண்டியல் வழியே சென்ற டொலர் வங்கிகளுக்கு வராது. அரசு 2022 ஏப்பிரல் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்திய அக்காலத்தே, டொலரின்மையால் எரிபொருளும் மருந்தும் அரிதாயின. அதிகமாகப் பெற்ற இரண்டு புத்தகங்களின் விலையில் ஒருபகுதியை, அப்பிள்ளையின் தாய் ஆசுப்பத்திரியிலே மருந்தின்றித் திரும்பியபோது கொடுத்தாள். நாடெங்கும் நேர்ந்த பஞ்சத்தை ஒருவர் கொடைமேற் சுமத்துவது மிகையே, அதனை ஒப்புகின்றோம். ஆயினும் அனுப்பினோரனைவரும் அவ்வாறே எண்ணினர் அன்றோ? அஃதன்றியும் அவ்வழியில் வந்த பணத்துக்குப் பற்றுச்சீட்டில்லை. மேற்கூறிய ஆசிரியைக்கு நேர்ந்ததே யாவர்க்கும் நேரும். தன் வீட்டில் அடுப்பெரியாத போது எவ்வழியேனும் அனுப்பிய மகனை யாம் குறைகூறேம். பலர் பெயரால் சேர்க்கும் தருமப் பொருளின் நிலை வேறு. அது பத்துப் பிள்ளைகளுக்கே போதுமாயின், மற்றை இருவருக்கும் நாமே வேறு தேடல் வேண்டும்.

பெயர் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். இணையவழியே கொடுப்பின் பெயரும் தொகையும் திரையில் எழுகின்றன. அத்திரையைப் படம்பிடித்து வாட்ஸப் குழுவில் இட, 5,000 கண்டபின் 100 கொடுக்கக் கூசுகின்றாள் கொழுந்தெடுப்பவள். குழல்விளக்கிலே உபயகாரர் பெயரை எழுதி ஒளியை மறைத்த காலம் போய், இஃது வந்தது போலும். திங்களூரில் அப்பூதியடிகள் தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்குத் தம் பெயரிடாது திருநாவுக்கரசர் பெயரையே இட்ட வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு யாம் மிகுதியும் கூறவேண்டியதில்லை. கணக்கு வெளிப்படையாகவும் கொடுத்தவர் பெயர் மறைவாகவும் இருத்தல் கூடுமோ எனின், கூடும். பற்றுச்சீட்டுக்கு இலக்கமிட்டு, இலக்கத்தையும் தொகையையும் மாத்திரம் அவையில் வாசிக்கலாம். பெயர் ஏட்டிலே கணக்காய்வோர்க்காக இருக்கட்டும்.

அவ்வாசிரியை பணிபுரியும் பாடசாலைக்கு இப்பொழுது தனிக்கணக்கு உண்டு. இருவர் கையொப்பமின்றிப் பணம் எடுக்க முடியாது. ஆயினும் பழைய இலக்கத்துக்கே இன்னும் சிலர் அனுப்புகின்றனர். வந்த அன்றே அத்தொகையைப் பாடசாலைக் கணக்கில் இட்டு, தமக்கும் ஒரு பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குகின்றார்.