ஒழுகும் காதை இன்றே காட்டுங்கள்

எத்தாளைப் பெற்றோரே, பிள்ளையின் காது ஒழுகினால் "வளர வளரத் தானாக நிற்கும்" என்று சொல்வதை இன்றோடு விடுங்கள். தலையணைக் கறையும் நாற்றமும் வீட்டாருக்குப் பழகிவிடுகின்றன. உள்ளே நடப்பதோ கண்ணில் படுவதில்லை.

கண்ணை மூடவும், சிரிக்கவும், வாய் குவித்து ஊதவும் முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு முகநரம்புதான். மூளையிலிருந்து வரும் வழியில் அது காதெலும்புக்குள்ளே ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் நீளமுள்ள எலும்புக் குழாய் வழியாக வருகிறது. ஒரு நரம்பு எலும்புக்குள் இவ்வளவு தூரம் அடைபட்டு ஓடுவது அரிது. இத்தாலியரான கபிரியேலே ஃபலோப்பியோ 1561இல் வெளியிட்ட நூலில் விவரித்ததால், வைத்தியர்கள் இன்றும் அக்குழாயை அவர் பெயராலே அழைக்கிறார்கள். குழாயின் ஒரு பகுதி நடுக்காதின் உட்சுவரோடு, அங்கவடி எலும்புக்குச் சற்று மேலாகப் போகிறது. சீழ் தேங்குவதும் அதே அறையில்தான்.

அந்த இடத்தில் குழாயின் சுவர் முட்டைக்குள் இருக்கும் சவ்வைப் போல மெல்லியது. பலருக்கு அதுவும் இல்லை. கருவிலே தொடங்கும் எலும்பு மூடல் பிறந்த பின்பும் தொடர்கிறது. அது பாதியில் நின்றவர்களுக்கு நரம்பு திறந்து கிடக்கும். 1971இல் பாக்ஸ்டர் என்பவர் 535 காதெலும்புகளை ஆராய்ந்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் எங்காவது ஓர் இடைவெளி இருந்தது. இது நோயல்ல, பிறவி அமைப்பு. சிலருக்கு நரம்பே இடம் மாறி அங்கவடிமேல் சரிந்து கிடக்கும். மிக அரிதாக இரண்டாகப் பிரிந்தும் ஓடும். உங்கள் பிள்ளைக்கு எப்படி என்று வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. மெல்லிய இடைவெளி சி.ரி. ஸ்கேனிலும் தப்பிவிடுவதுண்டு.

ஆகவே ஒழுகும் காதுக்குள் சுடவைத்த எண்ணெயும் இலைச்சாறும் ஊற்றாதீர்கள். ஈர்க்கால் குடையாதீர்கள். உள்ளே சிவந்த சதை தெரிந்தால் அதைப் பிடித்து இழுக்க எவரையும் விடாதீர்கள். அதன் வேர் அந்த நரம்பின் மேலேயே இருக்கலாம். கடலட்டைக்கும் சங்குக்கும் மூழ்கும் தம்பிமாரே, காது காய்ந்துவிட்டது என்று வைத்தியர் சொல்லும்வரை கடலில் இறங்காதீர்கள். உழைப்பு போகும்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காது ஒழுகுபவரின் வாய் ஒரு பக்கம் கோணினால், கண் மூடாமல் போனால், அந்த நரம்பு தாக்கப்பட்டிருக்கலாம்; மறுநாள் என்ற பேச்சே வேண்டாம். "காத்துப் பட்டிருக்கு" என்று நூல் கட்டிக் காத்திருக்காதீர்கள். துஆக் கேளுங்கள், தலவில அன்னம்மாளுக்கு நேர்த்தி வையுங்கள். ஆனால் அதை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செய்யுங்கள். புதிதாக வந்த சீழானால் மருந்தோடு, தேவைப்பட்டால் செவிப்பறையைச் சிறிது கீறி அதை வெளியேற்றுவார்கள். எலும்பை அரிக்கும் தோல்கட்டியானால் சத்திரசிகிச்சைதான் வழி. பிந்தப் பிந்த முகம் பழையபடி திரும்பும் வாய்ப்புக் குறைகிறது. நம் கரையின் காற்றும் மணலும் மூடாத கண்ணைச் சீக்கிரம் புண்ணாக்கும். போகும்போதே அதை மூடிக் கட்டுங்கள்.

சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் முகநரம்பைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல வைத்தியர், கண்ணால் காணும்வரை நரம்பு திறந்தே கிடக்கிறது என்று எண்ணித்தான் கருவியை வைப்பார்; உங்கள் கேள்விக்கு அவர் கோபிக்கமாட்டார்.

அரச வைத்தியசாலையில் காது காட்டக் காசு இல்லை. முகம் கோணியவரைக் கொண்டுபோக வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்கும் காசு இல்லை.