இசை: எல். வைத்தியநாதன்

'மால்குடி டேஸ்' தொடரின் தொடக்க இசை இளையராஜாவுடையது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை. எண்பதுகளில் வந்து மனதில் ஒட்டிக்கொண்ட எதுவும் ராஜாவுடையதாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வீட்டில் வளர்ந்தவன் நான். 'ஏழாவது மனிதன்' (1982) படத்தில் வரும் பாரதியார் பாடல்களையும் அதே கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். இரண்டுக்கும் இசை எல். வைத்தியநாதன்.

கர்நாடக வயலின் கலைஞர் வி. லட்சுமிநாராயணாவின் மூத்த மகன். தகப்பனார் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்துக்கொண்டிருந்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. தம்பிகள் இருவரையும் உலகம் அறியும். எல். சுப்ரமணியம் மேடைக் கச்சேரிகளோடு மீரா நாயரின் 'சலாம் பாம்பே'க்கு இசையமைத்தவர். எல். ஷங்கர் 'சக்தி' குழுவில் ஜான் மெக்லாஃப்லினோடும் ஜாகிர் ஹுசைனோடும் வாசித்தவர். அண்ணன் சினிமாவுக்குப் போனார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார் (இளையராஜாவும் அங்கே இருந்தவர்தான்), பிறகு தமிழிலும் கன்னடத்திலும் தன் பெயரில் இசையமைத்தார். 2007-இல் இறந்துபோனார்.

வசனமே இல்லாத 'பேசும் படம்' (1987) அவர் இசையமைத்ததுதான். பேச்சு இல்லாத படத்தில் எங்கே சிரிக்கணும், எங்கே மனசு கனக்கணும் என்பதில் பாதியை இசைதான் சொல்லவேண்டும். ஆனால் படம் முடிந்ததும் நாம் கமல்ஹாசனைப் பற்றிப் பேசுகிறோம், சிங்கீதம் சீனிவாச ராவைப் பற்றிப் பேசுகிறோம். 'பின்னணி இசையின் வெற்றியே அது தெரியாமல் போவதுதானே' என்று இதற்கு ஒரு பதில் உண்டு. எனக்கும் அது ரொம்ப நாள் சரியாகப் பட்டது. ஆனால் இசை காட்சிக்குள் கரைவதும், போட்டவரின் பெயர் கரைவதும் ஒன்றா? முதலாவது அவர் திட்டமிட்டுச் செய்தது. இரண்டாவது நாம் செய்வது.

பெயர் தெரியாமல் இருப்பதே அநியாயம் என்றும் சொல்ல முடியவில்லை. தோட்டத்தில் எங்கள் பாட்டி பாடிய தாலாட்டை யார் கட்டினார் என்று யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு எந்தக் குற்ற உணர்வும் இல்லை. ஏனென்றால் அந்த இடம் காலியாக இருக்கிறது, அங்கே வேறொருவர் உட்காரவில்லை. 'மால்குடி டேஸ்' விஷயத்தில் நான் அந்த இடத்தில் ஒருவரை உட்கார வைத்தேன், அதுவும் கேட்காதவரை. ஏற்கெனவே மலைபோல் புகழ் உள்ளவருக்கு இன்னும் ஒரு கைப்பிடி மண்.

இதை இவ்வளவு தூரம் யோசிக்க வேறு காரணம் இருக்கிறது.

செனாயில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு முதல் வேலை. சோதனை லைனில் ஒரு கனெக்டரைச் செருகும்போதெல்லாம் பின்கள் வளைந்துகொண்டே இருந்தன. நான் இரண்டு வாரம் கணினியில் வரைந்து வரைந்து அழித்தேன். லைனில் இருந்த ஒரு டெக்னிஷன் அண்ணன், வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆனவர், ஒரு நைலான் துண்டைச் சரிவாக அறுத்து ஜிக்கில் மாட்டினார். "இதுல சாய்ஞ்சு எறங்குது பாரு தம்பி, தானா நேராயிடும்." நேரானது. நான் அதை அளந்து வரைபடமாக்கினேன். வரைபடத்தின் ஓரத்துப் பெட்டியில் மூன்று கட்டங்கள்தான்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். யோசித்தவருக்குக் கட்டம் இல்லை. ஆண்டிறுதிக் கூட்டத்தில் என் பெயரை வாசித்தார்கள். ஒரு கேடயம், ஒரு வவுச்சர்.

மறுநாள் கேன்டீனில் அவரிடம் ஏதோ இழுத்தேன். "அட விடு தம்பி. லைன் ஓடுதுல்ல, அது போதும்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா'தான் பிறகு உறுத்த ஆரம்பித்தது. 'அது போதும்' என்று அவர் சொல்லலாம். அவர் சொன்னதை என் கணக்கில் வரவு வைக்க எனக்கு என்ன உரிமை? வைத்தியநாதனுக்கும் இதைத்தான் செய்கிறோம். 'பிள்ளைகள் முணுமுணுக்கிறார்களே, அதுவே ஒரு கலைஞனுக்குப் பெரிய விருது' என்று அவர் சார்பில் நாமே திருப்திப்பட்டுக்கொள்கிறோம். இப்படிப் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் சொந்தப் பெயர் அச்சில் வருகிறவர்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

எதிர்க்கேள்வி வரும். 'இசை' என்று திரையில் ஒரே பெயர் வரும்போது, புல்லாங்குழல் வாசித்தவர் பெயர் எங்கே? வைத்தியநாதனின் பெயருக்குக் கீழேயும் எத்தனை பேர் மறைந்திருப்பார்கள்? இது நியாயமான கேள்வி. அவரும் வெங்கடேஷின் பெயருக்குக் கீழே சில வருடங்கள் உழைத்தவர்தானே. ஆனால் உதவியாளராக இருப்பதில் ஒரு வாக்குறுதி இருக்கிறது: இன்றைக்கு உன் உழைப்பு என் பெயரில் போகும், நாளைக்கு உனக்கும் ஒரு படம் வரும். எல்லாருக்கும் வருவதில்லை, ஆனால் கதவு அங்கே இருக்கிறது. புல்லாங்குழல்காரருக்கு அந்தக் கதவு இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டெக்னிஷன் அண்ணனுக்கு இல்லை. டிப்ளோமாகூட இல்லாத அவருக்கு அந்த மூன்று கட்டங்களில் எதிலும் பெயர் வர வழியே கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் நான் சும்மா இருந்தேன்.

போன மாதம் அந்த ஜிக்கில் ஒரு சின்ன மாற்றம் தேவைப்பட்டது. பழைய வரைபடத்தைத் திறந்து, கீழே குறிப்புகள் எழுதும் இடத்தில், அளவுகளுக்கும் மூலப்பொருளுக்கும் அடுத்து, சரிவு வழிகாட்டி இன்னாருடைய யோசனை என்று அவர் பெயரோடு ஒரு வரி சேர்த்தேன். ஆவணப் பிரிவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். குறிப்பில் தனிநபர் பெயர் வரக்கூடாதாம்.

அந்த வரியோடு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.