உள்ளே மிச்சமிருப்பது போதும்

(பொதுக்காலம் 27ஆம் ஞாயிறு, மறையுரை)



அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1908-ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் ஒரு காரை வெளியிட்டது. மாடல் டி என்று பெயர். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்து விற்றார்கள். பணக்காரர் வீட்டு வாசலில் மட்டும் நின்றுகொண்டிருந்த கார், அந்த வண்டியோடுதான் விவசாயி வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அதைக் கிளப்புவது பெரும்பாடு. முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து, குனிந்து, பலங்கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். பழைய லாரிகளுக்கு ஹேண்டில் போட்டதை இங்கே இருக்கிற பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான்.

அதில் ஆபத்தும் உண்டு. தீப்பொறி சற்று முந்திக்கொண்டால் எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் அந்தக் காலத்தில் அநேகர். அதனால்தான், ‘இடக்கையால் பிடி, கட்டைவிரலை வளைத்துப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு சேர்த்தே வை’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். 1912-இல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் கேடிலாக் கார்களுக்கு வந்தது. மாடல் டி வாங்கியவர்கள் 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த வண்டியோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு இன்னொரு வழி தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை நிறுத்தும்போது, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை கொஞ்சம் எரியாமல் சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும். சற்று நேரம் கழித்து ஓட்டுநர் வந்து இருக்கையில் உட்காருவார். அவருக்கு எதிரே ஒரு மரப்பெட்டி. அதற்குள் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள். ஸ்விட்சை பேட்டரி பக்கம் திருப்புவார். ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் இருக்கிற லீவரை மெதுவாக நகர்த்துவார். பெட்டிக்குள் ஒரு காயில் ‘ர்ர்ர்’ என்று அதிரும். பிளக்கில் பொறி பறக்கும். உள்ளே தங்கியிருந்த அந்த மீதி பற்றிக்கொண்டு பிஸ்டனைத் தள்ளும். எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும். யாரும் கீழே இறங்கவில்லை, யாரும் கைப்பிடியைத் தொடவில்லை. இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் காரையும் இப்படிக் கிளப்புவார்கள். அதற்கு ஆறு சிலிண்டர், ஆகவே வாய்ப்பு இன்னும் கூடுதல்.

சாமியார் இன்றைக்கு ஒர்க் ஷாப்புக்குள் புகுந்துவிட்டாரே என்று சிலர் புன்னகைக்கிறீர்கள். பரவாயில்லை, இரண்டாம் வாசகத்துக்குத்தான் வருகிறேன்.

பவுல் விலங்கிடப்பட்டிருக்கிறார். முடிவு நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். அந்த நிலையில் தம் அன்புப் பிள்ளை திமொத்தேயுவுக்குக் கடிதம் எழுதுகிறார். திமொத்தேயு இளைஞர், கொஞ்சம் கூச்ச சுபாவம், அடிக்கடி உடல்நலக் குறைவு. சுற்றிலும் எதிர்ப்பு. அவருக்குள் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பவுல் இப்படி எழுதியிருக்க மாட்டார். என்ன எழுதுகிறார்? புதிதாக ஓர் அருளைத் தேடிப் போ என்று சொல்லவில்லை. நான் உன்மேல் கைகளை வைத்தபோது கடவுள் தந்த கொடை உனக்குள்ளேயே இருக்கிறது, அதைத் திரும்பவும் பற்றவை என்கிறார். அதற்கு முந்தைய வரியில் திமொத்தேயுவின் பாட்டியையும் அம்மாவையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். அந்த இரண்டு பெண்களின் நம்பிக்கை உன்னிடமும் இருக்கிறது, எனக்குத் தெரியும் என்கிறார்.

அன்பு மக்களே, உங்களுக்குள் எது நின்றுபோயிருக்கிறது? எப்போது நின்றது? கணவர் இறந்த அன்றைக்கா? மகன் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போன வருடமா? அல்லது குறிப்பாக ஒன்றும் நடக்காமல், வேலை, கடன், அலைச்சல் என்று நாட்கள் போய், ஒருநாள் திரும்பிப் பார்த்தால் செபமே இல்லாமல் போயிருந்ததா? ஞாயிறுதோறும் வருகிறீர்கள், எழுந்து நிற்கிறீர்கள், முழந்தாளிடுகிறீர்கள், நன்மை வாங்குகிறீர்கள், ஆனாலும் உள்ளே ஒன்றும் ஓடவில்லை என்று என்னிடம் சொல்லி அழுதவர்கள் உண்டு.

அவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் திருமுழுக்கின்போது தலையில் ஊற்றிய தண்ணீர் வீணாகவில்லை. உறுதிப்பூசுதலில் நெற்றியில் பூசிய எண்ணெய் காய்ந்துபோகவில்லை. அம்மா கையைப் பிடித்துப் போடவைத்த முதல் சிலுவை அடையாளம் எங்கேயும் போய்விடவில்லை. சிலிண்டருக்குள் மிச்சமிருக்கிற பெட்ரோலை அளந்து பார்த்தால் ஒரு சொட்டுக்கு மேல் தேறாது. எஞ்சின் கிளம்ப அதுவே போதுமானதாக இருக்கிறது. இன்றைய நற்செய்தியில் திருத்தூதர்கள் எங்களுக்கு நம்பிக்கையை அதிகமாக்கும் என்று கேட்கிறார்கள். ஆண்டவர் அளவைப் பற்றியே பேசவில்லை. ஒரு கடுகைக் காட்டுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாடல் டி காரின் ஸ்விட்சில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் மேக்னெட்டோ. மேக்னெட்டோ என்பது எஞ்சினின் சக்கரத்திலேயே பதினாறு காந்தங்களை மாட்டி, எஞ்சின் சுழலும்போது அது தானே மின்சாரம் செய்துகொள்ளும் ஏற்பாடு. அருமையான ஏற்பாடுதான். ஆனால் எஞ்சின் நின்றுவிட்டால் மேக்னெட்டோவும் செத்துவிடும். நின்ற எஞ்சின் தனக்குத் தானே பொறி கொடுத்துக்கொள்ள முடியாது. சுற்றுவதற்கு ஆள் இல்லையென்றால், வெளியிலிருந்து மின்சாரம் வந்தே ஆக வேண்டும்.

நம்மில் பலர் மேக்னெட்டோவை நம்பி வாழ்கிறவர்கள். பக்தசபையில் சுறுசுறுப்பு, பாடகர் குழுவில் முன்வரிசை, திருவிழா என்றால் இரவு பகல் உழைப்பு. ஓடுகிற வரைக்கும் உற்சாகம் தானே பிறக்கிறது. நின்றபின் ‘நான் முன்புபோல முயற்சி செய்தால் சரியாகிவிடும்’ என்று நம்மையே நாம் உசுப்பிப் பார்க்கிறோம். ஒன்றும் நடப்பதில்லை. பிறகு வெட்கம் வருகிறது. வெட்கம் வந்தால் கோவிலின் பின்வாசல் வரைக்கும்தான் வருகிறோம்.

பிரான்சு நாட்டின் ஒராஞ்சு நகரில் 529-ஆம் ஆண்டு ஆயர்கள் கூடி ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள். நம்பிக்கையில் வளர்வது மட்டுமல்ல, நம்பத் தொடங்குவதும், நம்ப வேண்டும் என்ற ஆசையும்கூடக் கடவுளின் அருளே என்றார்கள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகத் திருச்சபை கைவிடாமல் வைத்திருக்கிற ஆறுதல் இது. நீங்கள் திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள் அல்லவா, அந்த நினைப்பே முதல் பொறி. அதை நீங்கள் உண்டாக்கவில்லை. உங்களுக்கு முன்னால் அவர் எழுந்து வந்துவிட்டார்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பிள்ளை கோவிலுக்கு வருவதில்லை என்றதும் நாம் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். திட்டுகிறோம், அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டிக் காட்டிப் பேசுகிறோம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்து விசாரணை நடத்துகிறோம். எஞ்சின் உதைக்கிறது. இரண்டு பக்கமும் காயம். ஹேண்டில் போடுவதற்குமுன் பொறியைத் தாமதப்படுத்தும் லீவரை மேலே தள்ளிவிடு என்பதுதான் ஓட்டுநர்களுக்குச் சொன்ன முதல் பாடம். உங்கள் மகனிடம் பேசுவதற்குமுன் எவ்வளவு நேரம் அவனுக்காகச் செபித்தீர்கள்? அவன் பேசுவதை என்றைக்குக் கடைசியாக முழுசாகக் கேட்டீர்கள்? மனம் தளர வேண்டாம். நீங்கள் சின்ன வயதில் ஊட்டிய செபங்கள் அவனுக்குள் இருக்கின்றன. பவுல் திமொத்தேயுவிடம் தேடியது அதைத்தானே?

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கைப்பிடியைத் தொடாமல் வண்டியைக் கிளப்பும் அந்த வழி எப்போதும் பலிக்காது. வண்டி நெடுநாள் நின்றுவிட்டால், கலவை கசிந்து போயிருக்கும். குளிர்காலமாக இருந்தால் இன்னும் கஷ்டம். பிஸ்டன் தோதான இடத்தில் நிற்கவில்லை என்றாலும் பொறி வீணாகும். அப்போது யாராவது ஒருவர் இறங்கி, சட்டைக்கையை மடித்துக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் என் கதை முடிந்தது, எனக்குள் மிச்சமே இல்லை’ என்று யாராவது நினைக்கிறீர்களா? கப்பர்நாகூமில் ஒரு வீட்டின் கூரையைத் திறந்து, முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் கட்டிலோடு கீழே இறக்கினார்கள். படுத்துக் கிடந்தவர் எதையும் கேட்டதாக மாற்கு எழுதவில்லை. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையை ஆண்டவர் பார்த்தார், அது போதுமானதாக இருந்தது. உங்களால் செபிக்க முடியாத நாளில் இந்தப் பங்கு உங்களுக்காகச் செபிக்கிறது. காலைத் திருப்பலிக்கு வந்து முன்வரிசையில் செபமாலை உருட்டும் பாட்டிமார்கள் யார் யாருக்காக உருட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் சிலர் ஆச்சரியப்படுவீர்கள். மற்றவர்களிடம் கேட்கிறேன்: இந்த வாரம் நீங்கள் யாருடைய கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்கப் போகிறீர்கள்?

விவரம் தெரிந்த ஓட்டுநர்கள், நிறுத்தும் நேரத்தில் பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாகத் திறந்துவிட்டு, பிறகே ஸ்விட்சை அணைப்பார்கள், அடுத்த முறைக்கு உள்ளே கொஞ்சம் தங்கட்டும் என்று. நாமும் அப்படிச் செய்யலாம். இரவில் படுக்குமுன் ஒரு ‘விண்ணுலகிலிருக்கிற தந்தையே’ செபம். கணவனும் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்காமல் ஒரு வார்த்தை. அவ்வளவு செய்தால் காலைக்கு இருக்கும்.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணியிலிருந்து ஒப்புரவு அருளடையாளத்துக்காக நான் கோவிலில் இருப்பேன். வெகுகாலம் வராதவர்கள் தாராளமாக வரலாம். எத்தனை வருடம் ஆயிற்று என்று நான் கணக்குக் கேட்கப் போவதில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், ‘சாமி, எனக்குத் தெரியவில்லை’ என்றே தொடங்குங்கள். மனத்துயர் செபம் மறந்துபோயிருந்தால் நான் முன்னால் சொல்கிறேன், நீங்கள் பின்னால் சொன்னால் போதும்.

இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.