மறைந்ததும் அழிந்ததும்

பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தரவை மீட்க ஆகும் செலவு ஒரு பழைய தத்துவக் கேள்வியைச் சார்ந்தே அமைகிறது. கைக்கு எட்டாமற்போன பொருள் மறைந்திருக்கிறதா, அழிந்துவிட்டதா? மறைந்தது என்றால் கட்டணம் பேசலாம். அழிந்தது என்றால் எவ்வளவு கொடுத்தும் பயனில்லை.

இந்தியத் தத்துவ மரபில் நியாய வைசேடிகர் இன்மையையும் ஒரு பதார்த்தமாகவே, அதாவது பொருள்வகையாகவே எண்ணி நான்காக வகுத்தனர். அவற்றுள் ஒன்று பிரத்வம்சாபாவம், அதாவது அழிவினால் வரும் இன்மை. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. உடைந்த குடத்தின் மண்ணைக் கொண்டு வேறு குடம் வனையலாம், அந்தக் குடம் திரும்பாது. சாங்கியர் இதை ஏற்கவில்லை. உள்ளதே தோன்றும், அழிவென்பது காரியம் தன் காரணத்தில் ஒடுங்குவதே என்பது அவர்களின் சற்காரியவாதம். அக்கொள்கையை ஏற்ற சைவ சித்தாந்தம், இறைவனின் ஐந்தொழிலில் அழித்தலையும் மறைத்தலையும் தனித்தனியே வைத்தது. அங்கே மறைத்தல் என்பது உயிரின் அறிவுக்குத் திரையிடுவது. திரைக்குப் பின்னால் உண்மை குறையாமல் இருக்கிறது.

ஃபைலை டெலீட் செய்வது பெரும்பாலும் மறைத்தலே. ஹார்ட் டிஸ்க்கில் நீங்குவது அது இருக்குமிடத்தைக் காட்டும் குறிப்புதான். வேறு தரவு மேலே எழுதப்படும் வரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். மென்பொருள் கொண்டு அதைத் தேடி எடுப்பது சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடக்கூடிய வேலை.

இயந்திரக் கோளாறு வேறு வகை. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில், தரவைப் படித்து எழுதும் ஹெட் மிதந்து செல்கிறது. ஹெட் மட்டும் பழுதானால் தட்டிலுள்ள தரவு முழுமையாக இருக்கும், படிக்கும் வழிதான் அடைபட்டிருக்கும். தூசியில்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து, அதே மாடலைச் சேர்ந்த நல்ல டிஸ்க் ஒன்றைப் பலி கொடுத்து, அதன் ஹெட்டைக் கழற்றிப் பொருத்த வேண்டும். சர்க்யூட் போர்டு பழுதானாலும் அதை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் போதாது, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் பழைய போர்டின் சிப்பில் இருப்பதால் அதையும் இடம் மாற்ற வேண்டும். பிறகு துண்டு துண்டாகப் படித்து வேறு டிஸ்க்கில் நகலெடுப்பார்கள். நலிந்த இடங்களைத் தாண்டவே நாள்கணக்கில் ஆகலாம். அறை, பலியான டிஸ்க், தேர்ந்த கை, காத்திருக்கும் நாட்கள் எல்லாம் சேர்ந்துதான் கட்டணம் பல்லாயிரம் ஆகிறது.

திறந்ததும் டெக்னீஷியன் பார்ப்பவற்றுள் ஒன்று, உள்ளே ஓரத்தில் இருக்கும் சிறிய வெள்ளை வடிகட்டி. அதில் கரும்பொடி படிந்திருந்தால் ஹெட் தட்டை உரசியிருக்கிறது என்று பொருள். அந்தப் பொடியே காந்தப் பூச்சு. நேற்றுவரை படமாகவும் கடிதமாகவும் இருந்தது அதுதான். பொடி எஞ்சியிருக்கிறது, ஃபைல் இல்லை. மண் நிற்கிறது என்று சாங்கியரும், குடம் போயிற்று என்று நியாய வைசேடிகரும் சொல்லக்கூடிய இடம் இது.

மறையாக்கம் செய்த டிஸ்க்கின் சாவி தொலைந்தால் நிலைமை இன்னும் நுட்பமானது. ஒரு பிட் கூடக் குறையவில்லை, ஒரு சொல்லும் கிடைக்காது. தரவு என்பது குறிகள் மட்டுமல்ல, அவற்றைப் பொருளாக்கும் வழியும் சேர்ந்ததே என்பதை இந்நிலை காட்டுகிறது.

அழிந்ததாகத் தோன்றியது மறைந்தே இருந்ததும் உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறியபோது கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தனர். செனான் வாயுவின் பாகுநிலையை அளந்த ஆய்வின் ஹார்ட் டிஸ்க் ஒன்று, கருகிய உலோகக் கட்டியாகப் பின்னர் கிடைத்தது. அதிலிருந்து சுமார் 99 சதவீதத் தரவு மீட்கப்பட்டு, ஆய்வு முடிவு 2008இல் வெளியானது. கருகியது கூடு, தட்டில் பதிந்தது பெரும்பாலும் தப்பியிருந்தது. அந்த விண்ணோடத்தில் சென்ற ஏழு உயிர்களுக்கு அப்படியொரு மீட்பு இல்லை.

ஆகவே மீட்புக் கட்டணம் பொருளின் மதிப்பை அளப்பதில்லை, அதை எட்டுவதற்கான தொலைவையே அளக்கிறது. இறந்த தாயின் குரல்பதிவுக்கும் காலாவதியான கணக்குக்கும் ஒரே ஹெட், ஒரே அறை, ஒரே நாட்கள்தான் தேவை. மதிப்பை உரியவர்தான் நிறுக்க வேண்டும். வேறு நகல் இருக்கிறதா, திரும்ப உருவாக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்பதே விடையானால், பெரிய தொகையும் தகும்.

எவ்வளவு கொடுத்தும் பயனில்லாத நிலையைப் பல வேளைகளில் மனித அவசரமே உண்டாக்குகிறது. சத்தமிடும் டிஸ்க்கை மறுபடி மறுபடி ஆன் செய்யும்போது ஹெட் உரசுகிறது. டெலீட் ஆன இடத்தில் புதிய ஃபைலைச் சேமிக்கும்போது பழையது மேலெழுதப்படுகிறது. மறைந்திருந்தது அப்போதுதான் அழிகிறது. கோளாறு தெரிந்ததும் மின்சாரத்தை நிறுத்துவதும், கோளாறு வருமுன் வேறோர் இடத்தில் நகல் வைப்பதும் மிகச் சிறிய செலவு. அழிவுக்குமுன் செய்யக்கூடியது அதுவே.