நபியின் முகமும் நடிகரின் முகமும்

அண்ட்ரூ லொய்ட் வெப்பர் இசையமைத்து டிம் ரைஸ் பாடல் எழுதிய ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ 1970இல் இசைத்தட்டாக வந்தது. 1971இல் நியூயோர்க்கில் மேடையேறியது. 1973இல் நோர்மன் ஜூவிசன் அதைப் படமாக்கினார். வசனம் இல்லை, எல்லாமே பாட்டு. உயிர்த்தெழுதலைக் காட்டாமல் சிலுவையோடு முடித்துவிட்டார்களே என்று கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் நொந்தார்கள். ஜீசஸைக் கொன்றார்கள் என்ற பழைய பழியை யூதர் தலையில் மறுபடியும் சுமத்துகிறது என்று அமெரிக்க யூதக் குழு கண்டித்தது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டோ மூலத்தை விடப் படமே மேல் என்று பாராட்டினார். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து பார்க்கும் முஸ்லிமுக்கு இவையெல்லாம் பின்னால் வரும் கேள்விகள். ஈஸா நபியின் (அலை) வேஷத்தை ஒருவர் கட்டலாமா என்பதே முதற்கேள்வி. கூடாது என்று உலமாக்கள் சொல்வதை வெறும் அச்சம் என்று ஒதுக்குவோர் நம்மிலும் உண்டு. அந்தத் தடைக்குள் ஆழமான நியாயம் இருக்கிறது. அதற்கு இந்தப் படமே நல்ல சாட்சி.

மேடையில் முகம் மாறிக்கொண்டே இருந்தது. நியூயோர்க்கில் ஜெஃப் ஃபென்ஹோல்ட், லண்டனில் போல் நிக்கலஸ், அவர்களுக்குப் பின் வேறு பலர். லண்டனில் மட்டும் எட்டு ஆண்டுகள் நாடகம் ஓடியது. இன்றைக்கு இவர், நாளைக்கு இன்னொருவர் என்பதால் வேஷம் வேஷமாகவே தெரிந்தது. படம் அந்த வாசலை அடைத்துவிட்டது. அதில் ஜீசஸாக நடித்த டெட் நீலியின் முகம் நிலைத்துப்போய், பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பாத்திரத்தில் ஊர் ஊராக மேடையேற அவரை அழைத்தார்கள். ஜூவிசனும் இதை உணர்ந்திருக்க வேண்டும். நடிகர்கள் பாலைவனத்துக்கு பஸ்ஸில் வந்திறங்கி உடை மாற்றுவதில் படம் தொடங்குகிறது. முடிவில் திரும்பி ஏறுவோரில் நீலி மட்டும் இல்லை. இது நடிப்புத்தான் என்று சொல்லும் நேர்மையான முயற்சி அது, ஆனாலும் போதவில்லை. யூதர்களின் மனக்குறைக்கும் முகம் இப்படி நிலைத்துவிடுவதே வேர் என்று நினைக்கிறேன். கறுப்பு அங்கியோடு சாரத்தின் மேல் நிற்கும் குருமாரின் உருவம் ஒரு சமூகத்தின் முகமாகவே பதிந்துவிடுகிறது. அவர்கள் அஞ்சியதை நாம் அற்பமாக எண்ண முடியாது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நபிமார் மனிதர்களே, உணவு உண்டார்கள், கடைவீதியில் நடந்தார்கள் என்று குர்ஆன் 25ஆம் சூராவில் சொல்கிறது. ஈஸா நபியும் அவர் தாயாரும் உண்டதை 5ஆம் சூரா சொல்கிறது. இந்தப் படமும் களைத்து, கலங்கி, கோபப்படும் மனிதரையே காட்ட விரும்புகிறது. சிலுவைச் சாவை நாம் ஏற்பதில்லை என்பது வேறு விஷயம். மனிதத்தன்மை வரை நாமும் உடன்படுகிறோமே, பிறகு முகத்துக்கு மட்டும் ஏன் தடை? மனிதரென்று சொல்வதும் இன்னார் முகமென்று காட்டுவதும் ஒன்றல்ல என்பதே என் பதில். இமாம் திர்மிதி தம் ‘ஷமாயில்’ நூலில் நபிகள் நாயகத்தின் (ஸல்) தலைமுடி, நடை, புன்னகை, உண்ணும் விதம் வரை திரட்டித் தந்தார். அதை விட நெருக்கமான மனிதச் சித்திரம் அரிது. ஆனால் அது சொல்லால் ஆனது. கேட்பவர் ஒவ்வொருவரும் தம் அன்புக்கேற்ப நிறைவு செய்துகொள்ளலாம். எவருடைய உருவமும் மற்றவர்மேல் கட்டாயமாகாது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் இராகத்தோடு பாடப்பட்டதும் நம் பள்ளிகளில் மௌலூது ஓதப்படுவதும் இந்த வழியில்தான். ஆகவே பாட்டுக்கோ கதைக்கோ நாம் எதிரிகள் அல்லர். முஸ்தபா அக்காத் 1976இல் எடுத்த ‘தி மெசேஜ்’ படமும் நபிகளாரின் உருவத்தையும் குரலையும் தவிர்த்தே அவர் வரலாற்றைச் சொல்லியது.

இந்த அளவுகோலை நமக்கு வேண்டியவர்களுக்குத் தளர்த்த முடியாது. ஈரான் 2008இல் ஒளிபரப்பிய யூசுப் நபி தொடர் பக்தியோடு எடுக்கப்பட்டதுதான். ஆனால் அதிலும் நபிக்கு ஒரு நடிகர் முகம் தந்தார். சூரா யூசுபை ஓதுகிறவர் மனதில் அந்த நடிகர் குறுக்கிடுவாரானால், ஜூவிசன் படத்தின் மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டு அந்தத் தொடரின் மேலும் விழுகிறது.