கூலி எனும் சொல்

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நோக்குவோர்க்கு வடக்கே காவிரி தெரியும். காவிரிக்கு அப்பால் திருவரங்கத்து அரசகோபுரம் தெரியும். 236 அடி உயர்ந்து நிற்கும் அக்கோபுரம் 1987-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. எழுப்பியவர் யார் என வினவுங்கள்; முன்னின்ற மடத்தின் பெயரும் பொருள் ஈந்தோர் பெயரும் உடனே விடையாக வரும். கல் சுமந்தவர் யார் எனக் கேளுங்கள். “யாரோ கூலியாட்கள்” என்பார்கள். அத்துடன் பேச்சு முடியும்.

அந்தக் கூலி எனும் இரண்டெழுத்துச் சொல்லைப் பற்றியே இங்கு எண்ண விழைகிறோம். அது நம் மண்ணிலிருந்து கடல் கடந்த சொல். ஆங்கிலேயர் நாவில் ஏறி, கொண்டு சென்ற பொருளை வழியிலே பறிகொடுத்து, வேறொரு பொருளோடு நம்மிடமே திரும்பி வந்த சொல். அதன் பயணத்தை அறிந்தால், சொற்களின் பொருள் தானே மாறுகிறதா, எவராலோ மாற்றப்படுகிறதா எனும் வினாவுக்கு விடை கிடைக்கும்.

தமிழில் கூலி என்பது ஆளன்று. ஆளுக்கு உரிய பொருள். உழைத்தவன் கேட்டுப் பெறுவது. உழைப்பித்தவன் கொடுத்தே தீரவேண்டியது. அதில் இரப்பு இல்லை, இழிவு இல்லை. தெய்வம் கைவிட்ட இடத்திலும் முயற்சி பயன் தரும் என உரைக்க வந்த வள்ளுவர், அப்பயனைக் குறிக்கத் தேர்ந்தெடுத்த சொல் எது? வரம் அன்று, அருள் அன்று, கூலி! 619-ஆம் குறளைப் புரட்டிப் பாருங்கள். கூலி என்றால் உரிமை என்பதே அங்கு நாம் காணும் பொருள்.

இச்சொல் போர்த்துகீசியர் வழியாகவும் பிறர் வழியாகவும் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புகுந்தது. குஜராத்தின் கோலி எனும் மக்களின் பெயரே இதற்கு மூலம் என்று சொல்லாராய்வோர் சிலர் கூறுவர். தமிழ்க் கூலியே மூலம் என்பர் வேறு சிலர். இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழர் வாழ்ந்த துறைமுகங்களிலும் தோட்டங்களிலும் ஒலித்தது நம் சொல்லின் ஒலியே. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அதற்குப் பொருள், சுமை தூக்குபவன், நாட்கூலிக்கு உழைப்பவன் என்பதுதான். அங்கேயே முதல் திருட்டு நடந்துவிட்டது. கொடுக்கவேண்டிய பொருளின் பெயர், அதைப் பெறவேண்டிய மனிதனின் பெயராயிற்று. ஊதியம் மறைந்தது, முதுகு மட்டும் நின்றது. சீனரோ அதே ஒலியைத் தம் எழுத்தில் வரைந்தபோது, ‘கசப்பான உழைப்பு’ எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளைக் கொண்டு வரைந்தனர். உண்மையை அவ்வெழுத்துகள் சொல்லிவிட்டன!

இரண்டாம் மாற்றம் வந்தது அடிமை முறை ஒழிந்த பிறகு. 1833-ஆம் ஆண்டில் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் செய்தது. விலங்கு கழன்றது, ஆனால் கரும்புத் தோட்டம் கைகளைக் கேட்டது. 1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு இட்டவர்கள் கப்பல் கப்பலாக ஏற்றப்பட்டனர். இலங்கைத் தேயிலைக்கு ஆள் சேர்க்க, அங்குள்ள தோட்ட முதலாளிகள் 1904-ஆம் ஆண்டில் ஓர் அலுவலகத்தை நிறுவினர். இலங்கைத் தொழிலாளர் ஆணையம் என்பது அதன் பெயர். அதன் தலைமையகம் எங்கே தெரியுமா? இதோ, இந்த மலைக்கோட்டை நகரிலே! கங்காணிகள் சிற்றூர்களுக்குச் சென்றனர், முன்பணம் தந்தனர், கடன் எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டனர். சென்றவர் கழுத்தில், போய்ச்சேரவேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை தொங்கிற்று. கூலி வாங்கச் சென்ற மனிதர், கூலி என்றே முகவரியிடப்பட்ட சரக்கானார்.

மூன்றாம் மாற்றம் இன்னும் கொடிது. தென்னாப்பிரிக்காவில் வணிகரும் ஆசிரியரும் வழக்கறிஞரும், இந்தியர் எனில் எல்லோரும் கூலிகளே எனப்பட்டனர். 1893-இல் அங்குச் சென்ற காந்தியாருக்குக் கிடைத்த பட்டம் ‘கூலி பாரிஸ்டர்’. தொழிலின் பெயர் இனத்தின் பெயராயிற்று. இனத்தின் பெயர் வசையாயிற்று. தமிழர் பெயர்களின் ஈற்றில் வரும் ‘சாமி’ என்பதும் அவ்வாறே ஏளனச் சொல்லானதைக் காந்தியார் தம் வரலாற்றில் குறித்துள்ளார். சாமி என்றால் தலைவன் எனப் பொருள், நாம் உமக்குத் தலைவர் அல்லவே என்று நம்மவர் சிலர் நகைத்து விடையிறுத்ததையும் கூறுகிறார். தலைவனைக் குறிக்கும் சொல்லே தாழ்ந்தவனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது எனில், குற்றம் சொல்லிலா இருக்கிறது?

இங்கே சிலர் கேட்பர்: “கூலி என்பது நல்ல தமிழ்ச் சொல்தானே? மூலப்பொருளில் இழிவு இல்லையே? பின் ஏன் சினம் கொள்ளவேண்டும்?” கேள்வி நேர்மையாகத் தோன்றும், விடையோ எளிது. சொல்லின் பொருள் அதன் பிறப்பில் இல்லை, வழக்கில் இருக்கிறது. மனிதனின் மதிப்பையே பிறப்பில் தேடக்கூடாது என்னும் நாம், சொல்லின் மதிப்பை மட்டும் பிறப்பில் தேடலாமா? வழக்கை ஆக்குவது யார்? ஏடு எழுதியவன், சட்டம் செய்தவன், சாட்டை பிடித்தவன். வலிமை எவனிடமோ, அகராதியும் அவனிடம். காலம் சொற்களை மாற்றுகிறது என்கிறோம். காலத்துக்குக் கையில்லை, மனிதருக்கே கையுண்டு.

ஆனால், வெள்ளையன்மீது முழுப்பழியையும் சுமத்திவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள இயலாது. நம் வீட்டு வழக்கைப் பாருங்கள். மந்திரம் ஓதியவர் பெறுவது தட்சிணை. மேசைமுன் அமர்ந்தவர் பெறுவது சம்பளம். மேடையில் பேசிய அறிஞர் பெறுவது மதிப்பூதியம். மண் வெட்டியவன், நாற்று நட்டவள், மூட்டை சுமந்தவன் பெறுவது மட்டும் கூலி! எல்லாம் உழைப்புக்குக் கைமாறு என்றால், ஒன்றுக்கு வணக்கமும் மற்றொன்றுக்கு வெறுப்பும் ஏன்? உடல் உழைப்பு இழிவு, அதைச் செய்பவன் பிறப்பால் தாழ்ந்தவன் எனும் நச்சு விதையை ஊன்றியது சாதி. ஆங்கிலேயன் அந்நிலத்தில் அறுவடை செய்தான். அவன் வாயில் அச்சொல் வசையாவதற்கு முன்பே, நம் திண்ணைகளில் அது பாதி வசையாகியிருந்தது.

பெயரை மாற்றினால் போதுமா? 2016-ஆம் ஆண்டு தொடர்வண்டி வரவு செலவுத் திட்டத்தில், நிலையச் சுமையாளர்களைக் கூலி என்னாமல் ‘சகாயக்’ என அழைப்பதாக அறிவித்தனர். நல்லெண்ணம்தான்; மறுக்கவில்லை. ஆனால், தலைமேல் இருந்த பெட்டி பெயர் மாறியதால் எடை குறையவில்லை. வேறு வழியும் உண்டு. மொரீசியசுக் கவிஞர் கல் தொராபுல்லி அவ்வசையையே எடுத்து, கூலிமை என்னத்தக்க புதுச்சொல் ஒன்றை ஆக்கி, கடல் கடந்தோர் வரலாற்றுக்குப் பெருமையான பெயராக்கினார். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த இலங்கைத் தோட்டத் தமிழர், போராடி உரிமை மீட்டு, இன்று மலையகத் தமிழர் எனத் தம்மைத் தாமே அழைத்துக்கொள்கின்றனர். பிறர் சூட்டிய பெயரைத் தள்ளித் தமக்குத் தாமே பெயர் சூட்டுவது விடுதலையின் ஒரு பகுதி; உரிமையைப் பெறுவது மறுபகுதி.

பள்ளி விண்ணப்பங்களில் ‘தந்தையின் தொழில்’ எனும் இடத்தில் ‘கூலி’ என எழுதும் பிள்ளைகள் நம் நாட்டில் பல்லாயிரவர். எழுதும்போது அப்பிள்ளையின் கை தயங்குகிறதா? தயங்கினால், வள்ளுவர் தந்த பொருள் இன்னும் நமக்குத் திரும்பவில்லை. பக்கத்தில் இருப்பவன் அதைப் படித்துவிடக்கூடாதே என்று தாளை மூடாமல், மருத்துவர் மகள் எழுதுவதைப்போல் அவளும் தலைநிமிர்ந்து எழுதும் நாளே அச்சொல் ஊர் திரும்பும் நாள். அதற்கு அகராதியைத் திருத்திப் பயனில்லை. கூலியை உயர்த்துவோம், கூலி பெறுபவரை ‘வாங்க, உட்காருங்க’ என்போம். பொருள் தானே திருந்தும்.